கொட்டமுத்துக் கூரை

மருமகள் வயதுக்கு வந்த செய்தி வந்தபோது திருமுருகனின் கையெல்லாம் பிசின். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டுதான் கேட்டான். அக்காள் செங்கமலம் சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள். சொல்லி முடித்த மூச்சிலேயே, "குச்சு கட்ட நீதான்டா வரணும். அப்பா இல்ல, அம்மா இல்ல. எனக்குப் பொறந்த வீடுன்னா இப்ப நீ ஒருத்தன்தான்" என்றாள்.

குச்சு என்பது தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்றில் கட்டித் தருகிற சின்னக் குடிசை. வயதுக்கு வந்த பெண் சடங்கு நடக்கும்வரை அதற்குள்தான் இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் பலரும் வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் நாலு கீற்றைச் சாத்திவைத்து, கட்டியாயிற்று என்று கணக்குத் தீர்த்துவிடுகிறார்கள். செங்கமலம் வாழ்க்கைப்பட்ட வீட்டில் அது நடக்காது. அவள் புருஷன் தங்கமுத்து இலுப்பூரில் உரக்கடை வைத்திருப்பவர், வாயில்லாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவருடைய அக்காள் பிரகதீஸ்வரிக்கு வாய் இருந்தது. புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்ட அந்த அம்மாள், முறை என்றால் முறைதான் என்று நிற்பவர். குச்சு வாசலில்தான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஐப்பசி மாதம். குடுமியான்மலைப் பக்கம் மேகம் இறங்கிவந்து பாறையிலேயே உட்கார்ந்திருந்தது. பச்சைக் கீற்று வெயிலுக்கு நிழல் தருமே தவிர மழைக்குத் தாங்காது. செங்கமலத்தின் மகள், ஒன்பதாவது படிக்கும் சத்யா, நனைந்துகொண்டு வாசலில் கிடக்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள். தங்கமுத்து கடையிலிருந்து ஒரு நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து மேலே போட்டுவிடலாம் என்றார். அப்போதுதான் திருமுருகன் முந்திக்கொண்டு வாயைக் கொடுத்தான்.

"என் மருமக குச்சு மேல உரக்கடைத் தார்ப்பாயா? நான் செய்யிற கூரைய நானே கொண்டாரேன் மச்சான். ஒரு சொட்டு இறங்காது."

அவன் வேலை அப்படிப்பட்டது. விராலிமலையிலிருந்து மதுரை போகிற ரோட்டோரம், துணிக்கும் தோலுக்கும் மேல்பூச்சு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அவன் கெமிஸ்ட். மூச்சை அடைக்கும் கரைப்பான்களில் செய்த பூச்சை விட்டுவிட்டு, கொட்டமுத்து எண்ணெயை எடுத்து, தண்ணீரிலேயே கலந்து பாலியூரித்தேன் என்கிற பிசினைச் செய்ய முடியுமா என்று முதலாளி கேட்டிருந்தார். கொட்டமுத்து என்றால் ஆமணக்கு. திருமுருகனின் ஊரில் கடலைக் கொல்லைக்கு வரப்போரமாகப் போடுவார்கள். அந்த எண்ணெயைத் தண்ணீரில் கலக்கவைத்தது பெரிய காரியமாக இல்லை. கலந்ததைத் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு ஏடு உரிந்து வரும். பார்க்க அவ்வளவு அழகு. தண்ணீரில் போட்டுவிட்டு மறுநாள் எடுத்தால் கஞ்சியின் ஆடை போல வெளுத்து, ஊதி, விரல் பட்டாலே பிய்ந்துவிடும். எண்ணெயைத் தண்ணீரோடு சேரவைக்க எதைச் சேர்த்தானோ, அதுவே காய்ந்தபிறகும் தண்ணீரை வா வா என்று கூப்பிட்டு உள்ளே விட்டது.

ஒன்றரை வருஷம் அவன் அந்த ஏட்டோடு மல்லுக்கட்டினான். வாழைமட்டையை அரைத்து வெளுத்து மாவாக்கிச் சேர்த்தான். இழுத்துப் பார்க்கும் எந்திரத்தில் பலம் ஏறியது. பிறகு பிசினைப் பிசினோடு கோத்துக் கட்டுகிற ஒரு மருந்தைக் கண்டுபிடித்துக் கலந்தான். அந்த மருந்து சும்மா வேலை செய்யாது, நல்ல சூடு வேண்டும். ஓவனில் வைத்து எடுத்த துண்டுகள் இரவெல்லாம் தண்ணீரில் கிடந்தும் கண்ணாடியாகவே இருந்தன. அன்றைக்கு அவன் அந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அக்காள் வீட்டுக்கே வந்துவிட்டான். பிரகதீஸ்வரி அம்மாளைக்கூட இழுத்துப் பார்க்கச் சொன்னான். அவர் பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றார். அந்த வீட்டில் செங்கமலத்தின் தம்பிக்குக் கிடைத்த முதல் பரவாயில்லை அது. செங்கமலம் அதைப் பல நாள் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

ஆனால் ஓவன் சின்னது. உள்ளங்கை அகலத் துண்டுகள்தான் அதில் போகும். குச்சுக்கு மூட வேண்டிய ஏடோ பாய் அளவு. திருமுருகன் கம்பெனி மொட்டைமாடியில் விரிப்பு போட்டு, பிசினைத் தடவி, வெயிலில் காயவைத்தான். வெயிலா அது? மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. ஏடு காய்ந்தது, உரிந்தும் வந்தது. சூடு படாத ஏடு மழையில் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். உலகத்தில் வேறு எவனுக்கும் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். ஒரு ஓரத்தை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்திருந்தால் மறுநாளே காட்டிக்கொடுத்திருக்கும். அதனால்தான் போட்டுப் பார்க்கவில்லை. வாழைநார்ப் பலம் இருக்கிறது, கீழே கீற்று தாங்கும், மழையும் ஒருவேளை வராது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சுருட்டி பைக்கில் கட்டிக்கொண்டு வந்தான்.

குச்சு கட்டி முடித்தபோது தெருவே வந்து பார்த்தது. கீற்றுச் சந்துகளில் வெளிச்சம் தேன் நிறமாக இறங்கியது. உள்ளே உட்கார்ந்திருந்த சத்யா கையை நீட்டி நீட்டி அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டாள். அடம் எல்லாம் போயிற்று. பிரகதீஸ்வரி அம்மாள் பக்கத்து வீட்டுக்காரிகளிடம், எல்லாம் நம்ம ஊர்க் கொட்டமுத்துதான், இவளோட தம்பி படிச்சுக் கண்டுபிடிச்சது என்றார். இவளோட தம்பி என்று அவர் வாயால் வந்தபோது செங்கமலம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது என்று திருமுருகனுக்குத் தெரியும். அவன் மேகத்தைப் பார்க்காமல் கீற்று முடிச்சுகளை இறுக்கினான்.

சடங்குக்கு முன்தினம் மழை பிடித்தது. தூறலாக ஆரம்பித்து, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கொட்டத் தொடங்கியது. திருமுருகன் நாட்டுக்கோழி முட்டையும் கருப்பட்டியும் வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தான். அடுப்பில் உளுந்தங்களி வெந்துகொண்டிருந்தது. செங்கமலம் துடுப்பைப் போட்டுக் கிண்ட, நல்லெண்ணெய் வாசம் வீடு முழுக்க ஏறியது. சத்யாவின் வகுப்புப் பெண்கள் சிலர் குடையோடு வந்து குச்சு வாசலில் குனிந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். திருமுருகன் தாழ்வாரத்தில் நின்று கூரையையே பார்த்தான். தேன் நிறம் மங்கி, மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. அவன் போய் மருமகளை வெளியே கூப்பிட்டிருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும் என்று நின்றான்.

தாங்கவில்லை. ஏடு தண்ணீரைக் குடித்து ஊதித் தொங்கி, கீற்றோடு சேர்ந்து உள்ளே விழுந்தது. பெண்கள் குடையோடு பின்வாங்கினார்கள். உள்ளேயிருந்து சத்யா நிமிர்ந்து வெளியே வந்தபோது தலையிலிருந்து தோள்வரை வெள்ளைக் கூழ் வழிந்தது. பாவாடை தாவணி உடம்போடு ஒட்டிக்கிடந்தது. தெருவில் ஒதுங்கி நின்ற ஆம்பிளைகள் பார்த்தார்கள். பார்க்கக்கூடாது என்று தெரிந்தவர்களும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள். வந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சத்யா இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

அவளுக்கு இடுப்புக்குக் கீழே இறங்குகிற முடி. செங்கமலம் வாராவாரம் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, சிக்கெடுத்து வளர்த்த முடி அது. அந்த முடி முழுக்கக் கூழ் ஒட்டிக்கொண்டு கயிறு கயிறாகத் திரண்டிருந்தது. துண்டால் துடைக்கத் துடைக்க உள்ளேதான் போயிற்று. பிள்ளை நடுங்கினாள். அவளுக்குச் சளி பிடித்தால் நாளைக்குத் தண்ணீர் ஊற்ற முடியாதே என்று பிரகதீஸ்வரி அம்மாள் பதறினார். முதலில் தலையைக் காயவை, பிசுக்கை அப்புறம் பார்க்கலாம் என்றார். தலை ஈரம் என்றால் அந்த வீட்டில் செய்கிற ஒன்றைத்தான் செங்கமலம் செய்தாள். உளுந்தங்களி அடுப்பிலிருந்து கங்குகளை அள்ளித் தூபக்காலில் போட்டாள். சாம்பிராணியைத் தூவினாள். மேலே கூடையைக் கவிழ்த்து, மகளைப் படுக்கவைத்து, முடியைக் கூடைமேல் விரித்தாள்.

திருமுருகன் வாசல்படியில் நின்றிருந்தான். அந்தப் பிசின் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த சூடு அதுதான். கூடைக்கடியில் கங்கு சிவந்துகொண்டிருந்தது. பச்சைத் தண்ணீரில் அலசினால் போய்விடும், சூடு மட்டும் காட்டாதே என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சூடு பட்டால் கெட்டியாகும் என்றால், அப்போ கூரைக்கு நீ சூடு காட்டலையா என்பார் பிரகதீஸ்வரி. அவன் வாயைத் திறந்தான். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, என்ன தம்பி என்றார்.

"ஒண்ணுமில்லங்க. புகை கண்ணுல பட்டுரப் போகுது. பாத்துக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவன் மழையைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டான். பின்னால் செங்கமலம் முடியைக் கோதிக் கோதிப் புகைக்குக் காட்டுகிற சத்தம் கேட்டது. வளையல் சத்தம்தான். அது ஒவ்வொரு முறை கேட்டபோதும் அவன் காது கூசியது.

சீப்பு இறங்கவில்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. தேங்காயெண்ணெய் வைத்தார்கள், மண்ணெண்ணெய் தொட்டுப் பார்த்தார்கள், வெந்நீரில் ஊறவைத்தார்கள். கூரையில் அரைமணி நிற்காத பலம் முடியில் அப்படியே நின்றது. இழுத்தால் வேரோடு வந்தது, சத்யா அலறினாள். கடைசியில் பிரகதீஸ்வரி அம்மாள்தான் கத்திரிக்கோலை எடுத்தார். கழுத்துக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. வெட்டி முடித்துவிட்டு, கூரை போனா போகுது, தீயக் காட்டி பிள்ளை முடியைப் பொசுக்கிட்டா இவ என்று ஆரம்பித்தார். அது அன்று முழுவதும் ஓயவில்லை. பச்சைப்பிள்ளை தலைக்கு இம்புட்டுக் கங்கு போடுவார்களா என்றார். தான் பெற்ற பிள்ளையாக இருந்தால் இப்படிச் செய்வாளா என்று, பெற்றவளைப் பார்த்தே கேட்டார். தங்கமுத்துகூட, பாத்துச் செஞ்சிருக்கலாம்ல என்று ஒரு வார்த்தை சொன்னார். செங்கமலம் வெட்டிய முடியை ஒரு பையில் எடுத்துவைத்துக்கொண்டாள். சத்யா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள், அம்மா தொட்டபோது கையைத் தட்டிவிட்டாள்.

கூரையைப் பற்றி யாரும் அவனை ஒரு கேள்வி கேட்கவில்லை. பேய்மழைக்கு எதுதான் தாங்கும் தம்பி, மனசுல வச்சுக்காதீங்க என்று பிரகதீஸ்வரி அம்மாளே காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அவன் அதை வாங்கிக் குடித்தான். குடித்தபோது தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. என்றாலும் டம்ளரைக் காலி செய்துதான் கீழே வைத்தான்.

பொழுது சாய்கிற நேரம், மழை விட்டபிறகு, செங்கமலம் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து மறுநாள் சமையலுக்குப் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் போய்ப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஓவன் சின்னது என்பதிலிருந்து ஆரம்பித்தான். வெயில் போதாததைச் சொன்னான். தெரிந்தே கொண்டுவந்ததைச் சொன்னான். கங்கு விஷயத்துக்கு வந்தபோது குரல் இறங்கிவிட்டது. முறம் நின்றது.

"அப்பவே சொல்லியிருந்தா கழுவியிருக்கலாமாடா?"

"கழுவியிருக்கலாம்க்கா. பச்சத்தண்ணியும் சீயக்காயும் போதும்."

"புகை கண்ணுல பட்டுரும்னு சொன்னியே."

"ஆமா."

"நான் நெனச்சேன், பிள்ளை மேல எம்புட்டுப் பாசம்னு."

அவன் தரையைப் பார்த்தான். எல்லாரையும் கூப்பிட்டு இப்போதே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தான். செங்கமலம் அவன் வேட்டி நுனியைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஒருத்தருட்டயும் சொல்லாத. மதினி என்னையப் பேசுறது எனக்குப் பழக்கந்தான். ரெண்டு நாள் பேசும், மூணாம் நாள் ரசத்துக்கு உப்பு இல்லைன்னு அங்கிட்டுப் போயிரும். ஒன்னையப் பேசுச்சுன்னா அது நிக்காது. பொய் சொல்ற வம்சம்னு காலத்துக்கும் சொல்லும். என் தம்பி, என் தம்பின்னு சொல்லித்தான்டா இந்த வீட்டுல தலை நிமிந்து நிக்கிறேன். அதையும் பிடுங்கிட்டா நான் எங்கிட்டுப் போவேன்?"

"சத்யா ஒன்னையத் தொட விட மாட்டேங்குதே."

"எம்மக தானே. திரும்பி வருவா" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்தாள். பருப்பு மறுபடி துள்ளியது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

விடிந்ததும் வானம் வெளுத்திருந்தது. சாமியானாவுக்குக் கீழே ஈரத் தரையில் மணலைக் கொட்டிப் பாய் விரித்தார்கள். இலுப்பூரிலிருந்து அலங்காரம் செய்கிற பெண் ஒருத்தி வந்து, சத்யாவின் குட்டை முடியில் சவுரி வைத்துப் பின்னினாள். பொய்முடிச் சடை என்று தெரியாமலிருக்க மேலே பூவாக அடுக்கினாள். திருமுருகன் சீர்த்தட்டுகளோடு மேளம் முழங்க வந்தான். தெருவில் எல்லாரும் தாய்மாமன் வாரார், வழி விடுங்க என்று ஒதுங்கினார்கள். அந்த மரியாதை ஒவ்வொன்றும் அவன்மேல் வந்து உரசியது.

மணையில் உட்கார்ந்திருந்த சத்யாவின் பூ ஒரு பக்கம் சரிந்திருந்தது. செங்கமலம் சரிசெய்யக் கையை நீட்டினாள். சத்யா தலையை அப்பால் சாய்த்துக்கொண்டு, அத்தை, நீங்க வைங்க என்றாள். நாலு பேர் பார்த்துவிட்டார்கள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் செங்கமலம் குனிந்து, ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கின் திரியைத் தூண்டினாள்.

மாமன் மாலை போடுங்க என்றார்கள். திருமுருகன் குனிந்து போட்டான். அவன் முகம் பக்கத்தில் வந்தபோது சத்யா அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நேத்துலேருந்து ஒங்க மூஞ்சியே சரியில்ல மாமா. ஒங்க மேல தப்பில்ல. கூரை நல்லாத்தான் இருந்துச்சு. அம்மாதான் தீயக் காட்டிக் கெடுத்துருச்சு."

அக்காள் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்தது. வம்சம், தலை நிமிர்வது, எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை தன்னை மன்னித்துவிட்டு அம்மாவைத் தள்ளிவைத்திருக்கிறதே, அதை அவனால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அம்மா மேல ஒண்ணும் இல்ல சத்யா" என்றான். குரலை இறக்கத் தெரியவில்லை, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்டது. "கூரை மழைக்கு நிக்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். சூடு காட்டுனா முடியில இறுகிரும்னும் தெரியும். அம்மா புகை போட்டப்ப வாசல்ல நின்னுக்கிட்டே இருந்தேன். சொல்லல."

போட்டோக்காரன் கேமராவை இறக்கினான். தங்கமுத்து துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார். பிரகதீஸ்வரி அம்மாள் திருமுருகனை மேலும் கீழும் பார்த்தார். "நான் அவளப் பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டா காப்பியக் குடிச்ச?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அவர் நிறையப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சத்யா அவனைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்து, ஒனக்குத் தெரியுமா என்று கேட்டாள். செங்கமலம் ஆமென்று தலையை ஆட்டினாள். சத்யா சரிந்திருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "பூ சரிஞ்சிருக்கும்மா. நீ வந்து வச்சுவிடு" என்றாள்.

செங்கமலம் வந்து பூவைச் சரிசெய்தாள். தம்பிக்கு அரையடி தூரத்தில்தான் நின்றாள். அவள் கண்ணில் ஒரு துளி நன்றியாவது இருக்கும் என்று மனசின் ஓரத்தில் எங்கோ எதிர்பார்த்து அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளோ, ஊர் முன்னால் தன் பிறந்த வீட்டை இழந்தவளாக நின்றுகொண்டிருந்தாள். எதிர்பார்த்ததற்கும் சேர்த்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி வாசிக்கத் தொடங்கினார்கள். சடங்கு நிற்கக்கூடாது அல்லவா. தாய்மாமன் திருநீறு பூசி, தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணணும் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். திருமுருகன் சத்யாவின் நெற்றியில் திருநீற்றைப் பூசினான். கையைத் தூக்கினான். அது அவள் தலைக்கு மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது, இறங்கவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள்.

சத்யா நிமிரவில்லை. கேமராவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வைங்க மாமா. சவுரிதான்."